1957 செவர்லே பெல் ஏர் கன்வர்டிபிள்: புதுப்பித்த காரில் எதைப் பார்ப்பது, அந்த வேலை எப்படிப் போகும்?

கேள்வி இது: அமெரிக்காவில் 1957 செவர்லே பெல் ஏர் கன்வர்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பாடியை சேஸிஸிலிருந்து கழற்றி முழுவதும் புதுப்பித்தது என்கிறார் விற்பவர். நேரில் போனால் எதைப் பார்ப்பது? அந்தப் பணத்துக்குப் பதில் துருப்பிடித்த ஒன்றை வாங்கி நாமே வேலை பார்த்தால் கட்டுப்படியாகுமா?

முதல் பாதிக்கு ஒரு வரிப் பதில்: பெயின்டைப் பார்க்கும் முன் கதவைப் பாருங்கள். இரண்டாம் பாதிக்கு: பெரும்பாலும் ஆகாது. ஏன் என்று சொல்வதற்கு இந்தக் காரின் எலும்புக்கூட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

1955, 56, 57 ஆகிய மூன்று வருட செவர்லேக்களும் தனி சேஸிஸ் மேல் பாடியை போல்ட் போட்டு உட்கார வைத்தவை. வீல்பேஸ் 115 அங்குலம். 57 மாடலின் நீளம் 200 அங்குலம், அதாவது ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். செடானில் கூரையும் சேர்ந்து வண்டியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். கன்வர்டிபிள் மூடியில்லாத அட்டைப்பெட்டி மாதிரி, முறுக்கினால் முறுகும். அதை ஈடுகட்டத்தான் கன்வர்டிபிள் சேஸிஸின் நடுவில் எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டத்தை வெல்ட் செய்தார்கள், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டியையும் உள்ளே பலப்படுத்தினார்கள். இந்த இரண்டில் எது துருவில் போனாலும் வண்டி நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவின் மேல்பக்க இடைவெளி குறுகும், கீழே விரியும். பெயின்டும் குரோமும் எவ்வளவு பளபளத்தாலும் இந்த இடைவெளியை மறைக்க முடியாது. அதனால்தான் முதலில் கதவு.

ஆனால் கதவுக்கும் முன்னால் ஒன்று உண்டு. அது உண்மையிலேயே கன்வர்டிபிள்தானா?

1957இல் பெல் ஏர் கன்வர்டிபிள் 47,562 வண்டிகள் வெளிவந்தன. வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினோடு அடிப்படை விலை 2,611 டாலர். அந்த மாடல் வருடத்தில் மொத்த விற்பனையில் ஃபோர்டு செவர்லேவை முந்தியது என்பது வேறு கதை. இன்று விலை போவது செவர்லேதான். இரண்டு கதவு ஹார்ட்டாப்பை (நடுத்தூண் இல்லாத, நிலையான இரும்புக் கூரை வண்டி) விடக் கன்வர்டிபிளுக்கு விலை நன்றாக ஏறிவிட்டதால், ஹார்ட்டாப்பின் கூரையை அறுத்துக் கன்வர்டிபிள் ஆக்கிய வண்டிகளும் சந்தையில் சுற்றுகின்றன. கதவும் முன்கண்ணாடியும் இரண்டுக்கும் பொது என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்துவிடலாம்.

பானட்டைத் திறந்தால் எஞ்சின் அறையின் பின்சுவரில் ஃபிஷர் பாடி தகடு இருக்கும் (பாடியைக் கட்டியது ஃபிஷர்). அதில் ஸ்டைல் எண் 57-1067டி (D) என்று இருக்க வேண்டும், அதுதான் கன்வர்டிபிள். ஆனால் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். தகடு தனியாகக் கிடைக்கும், மாற்றியும் அடிக்கலாம். வண்டிக்கு அடியில் படுத்து எக்ஸ் சட்டத்தைப் பாருங்கள். பின்சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஹார்ட்டாப்பில் சீட்டுக்குப் பின்னால் தகட்டாலான ஒரு தட்டு உண்டு. அறுத்த வண்டியில் அது வெட்டப்பட்ட தடமும் புது வெல்டும் இரண்டு ஓரத்திலும் தெரியும். முன்கண்ணாடிக்கு மேல் உள்ள சட்டத்தையும் பாருங்கள். டாப்பின் (மடங்கும் கூரையின்) கொக்கி மாட்டும் இடம் தொழிற்சாலையில் அமைந்ததாக இருக்க வேண்டும், பட்டி பூசி ஒப்பேற்றியதாக இருக்கக் கூடாது.

வின் எண் (வண்டியின் அடையாள எண்) தகடு ஓட்டுநர் பக்கக் கதவுக் கீல் தூணில் இருக்கும். விசி57 என்று தொடங்கினால் தொழிற்சாலையிலேயே வி8 பொருத்திய பெல் ஏர். வெறும் சி57 என்றால் ஆறு சிலிண்டரோடு பிறந்த வண்டி. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் ஃபிளின்ட், டி (T) டாரிடவுன், எல் லாஸ் ஏஞ்சலஸ், இப்படி. ஆறு சிலிண்டரில் பிறந்து பின்னால் வி8 ஏற்றிய வண்டிக்கு இன்னொரு அடையாளம் ரேடியேட்டர். ஆறு சிலிண்டரில் அது தாங்கு சட்டத்துக்கு முன்னால் இருக்கும். வி8இல் பின்னால், எஞ்சின் பக்கமாக. பின்னாளில் இடம் வேண்டும் என்றோ குளிர்ச்சிக்காகவோ மாற்றியிருக்கலாம்தான். ஆனால் விற்பவர் 'எல்லாம் ஒரிஜினல்' என்று சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

'மேட்சிங் நம்பர்' (எஞ்சின் எண்ணும் வண்டி எண்ணும் ஒத்துப்போவது) என்ற சொல்லுக்கு இந்த வருடத்து வண்டியில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. 1957 பயணிகள் கார் வி8 எஞ்சினில் வின் எண் அடிக்கப்படவில்லை. வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு மேடையில் தொழிற்சாலை எழுத்து, மாதமும் தேதியும், எஞ்சின் வகைக்கான எழுத்து, அவ்வளவுதான். பிளாக்கின் பின்பக்கத்தில் வார்ப்பு எண் இருக்கும். அந்த வருடத்து 283 கன அங்குல வி8க்கு 3731548. பக்கத்தில் வார்ப்புத் தேதி: ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர், பிறகு தேதி, கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். வார்ப்புத் தேதி முதலில், எஞ்சின் பூட்டிய தேதி அடுத்து, வண்டி வெளிவந்த காலம் அதற்கும் பிறகு என்று வரிசை பிசகாமல் வந்தால் 'அந்தக் காலத்து எஞ்சின்' என்று சொல்லலாம். 'இந்த வண்டியோடு பிறந்த எஞ்சின்' என்று எண்ணை வைத்து மட்டும் யாரும் நிரூபிக்க முடியாது. ராசெஸ்டர் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள வண்டி என்று சொன்னால் இன்னும் கறாராக இருங்கள். மட்கார்டில் ஒட்டும் அந்த எழுத்துப் பட்டை புதிதாகவே விற்கிறது. பழைய காகிதம் இல்லாமல் அதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

இனி கதவு.

வண்டி சமதரையில் நிற்கட்டும். கதவைச் சுற்றி இடைவெளி ஐந்து மில்லிமீட்டர் அளவில், மேலிருந்து கீழ் வரை சீராக ஓட வேண்டும். பிறகு விற்பவர் அனுமதியோடு, முன் சக்கரத்துக்குப் பின்னால் சேஸிஸில் ஜாக்கி கொடுத்து அந்தச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் வரை தூக்குங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். கன்வர்டிபிள் என்பதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைவு இருக்கத்தான் செய்யும். இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறினாலோ, கதவு உராய்ந்தாலோ, பூட்டு சரியாக விழாவிட்டாலோ, உள் ராக்கர் போயிருக்கிறது, அல்லது புது ராக்கரை வண்டி தொய்ந்திருந்த நிலையிலேயே வெல்ட் செய்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் மோசம். துரு இருந்தால் வெட்டி எடுக்கலாம். கோணலாக வெல்ட் செய்த பாடியைத் திரும்பப் பிரித்துத்தான் சரிசெய்ய முடியும், பெயின்ட் காசு மொத்தமும் வீண்.

இந்தச் சோதனைக்கு முன் கதவின் பின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அசைந்தால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. அதைப் பாடியின் தொய்வு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பட்டி கண்டுபிடிக்க காந்தம் போதும், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இன்றைய பேஸ் கோட், கிளியர் கோட் வேலையில் 150 முதல் 250 மைக்ரான் வரும். நல்ல பிரைமர் கொடுத்துத் தேய்த்த வண்டியில் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஒரே பேனலில் ஓரிடம் 200, பக்கத்தில் 1,000 என்று எகிறினால் அடியில் பட்டி. ஒரு விஷயம் கவனம்: ஃபிஷர் தொழிற்சாலையிலேயே சில இணைப்புகளை ஈயம் ஊற்றித்தான் நிரப்பினார்கள். பின் குவார்ட்டர் பேனல் (பின் சக்கரத்தைச் சுற்றிய பக்கத் தகடு) மற்ற தகடுகளோடு சேரும் இடங்களில் காந்தம் ஒட்டாவிட்டால் பட்டி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பேனலின் நடுவிலும், சக்கர வளைவுக்குப் பின்னால் கீழ்ப்பகுதியிலும் ஒட்டாவிட்டால்தான் கேள்வி.

துரு எங்கே தொடங்கும் என்பதற்கு இந்த மாடலுக்கென்று சில இடங்கள் உண்டு. முன் ஹெட்லைட்டின் மேல் புருவம்: மட்கார்டுக்குள் சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கே தங்கி, மேலிருந்து கொப்புளமாகத் தெரியும். கால் வைக்கும் இடத்தின் பக்கச்சுவர், டிக்கித் தளம், பின் பம்பருக்கு மேலுள்ள தகடு. கன்வர்டிபிளுக்கே உரியது, டாப் மடங்கி உட்காரும் குழி. ஈரமான டாப்பை மடக்கி வைத்தால் தண்ணீர் அங்கே தேங்கிப் பின்சீட்டுக்கு அடியில் இறங்கும். ஆகவே பின்சீட்டை எடுக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், குறிப்பாகப் பின் அச்சுக்கு மேலே வளைந்தெழும் பகுதியிலும் எக்ஸ் சட்டம் சேரும் முனைகளிலும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே உதிர்ந்தது தொப்பென்று ஒலிக்கும்.

அடியில் இருக்கும்போதே எக்ஸ் சட்டத்தை யாராவது அறுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்த எஞ்சின் முன்முகத்தில் இரண்டு, பெல் ஹவுசிங்கில் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) இரண்டு என்று நான்கு ரப்பர் மவுன்டில் உட்காருவது. பழைய இரண்டு கியர் பவர்கிளைடை எடுத்துவிட்டு 700ஆர்4 மாதிரி நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைப் போட்டால் பெல் ஹவுசிங் மவுன்ட் போய்விடும். எஞ்சினுக்குப் பக்க மவுன்டும் கியர்பாக்ஸுக்குத் தனிக் குறுக்குச் சட்டமும் வேண்டும். செடானில் இது சுலபம். கன்வர்டிபிளில் எக்ஸ் சட்டம் குறுக்கே நிற்கும். அதற்கென்றே வடிவமைத்த சட்டம் போட்டிருந்தால் பரவாயில்லை. கேஸ் கட்டரால் ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே விட்டிருந்தால், வண்டியை விறைப்பாக வைத்திருந்த முக்கியப் பொருளை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரியாகச் செய்தால் வேலை எந்த வரிசையில் போகும்

புதுப்பித்த வண்டி கெட்டுப்போவது பெரும்பாலும் கைத்திறன் குறைவால் இல்லை, வரிசை தப்பியதால். நல்ல பட்டறை பாடியை அவசரப்பட்டுத் தூக்காது. பாடி சேஸிஸ் மேல் இருக்கும்போதே, சேஸிஸைச் சமமாக நிறுத்தி, கதவு இடைவெளியைச் சரிசெய்து, அந்த நிலையைப் பூட்டிவிடுவார்கள். 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயால் கீல் தூணின் மேலிருந்து பூட்டுத் தூணின் மேல் வரை ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று, இடது கதவுத் தூணிலிருந்து வலது வரை குறுக்கே ஒன்று. கதவு வாயில்களின் மூலைவிட்ட அளவை எழுதிவைப்பார்கள். ராக்கரை ஒரு பக்கம் வெட்டி, புதியதைப் போட்டு முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தில் கை வைப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி தரையில் வைத்த பாய் மாதிரிப் படியாது, தன் இஷ்டத்துக்கு வளைந்து நிற்கும். கதவு மாட்டியபடியே வெல்டிங் நடக்கும். இரண்டு மூன்று தையலுக்கு ஒரு முறை கதவை மூடிப் பார்ப்பார்கள்.

தகட்டின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போதும். தொழிற்சாலை ஸ்பாட் வெல்ட் இருந்த இடத்தில் எட்டு மில்லிமீட்டர் துளையிட்டு நிரப்பி வெல்ட் செய்தால் தோற்றமும் பலமும் ஒட்டிவரும். நீண்ட இணைப்பை ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் தகடு அலையடிக்கும். அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் துத்தநாகப் பிரைமர் பூசாமல் மூடினால் பத்து வருடத்தில் அதே இடத்தில் துரு திரும்பிவரும்.

தளமும் ராக்கரும் முடிந்த பிறகே பாடியைத் தூக்கிச் சுழலும் தாங்கியில் மாட்டுவது. மணல் அடிப்பது சேஸிஸுக்குச் சரி. பானட், டிக்கி மூடி, குவார்ட்டர் பேனல் மாதிரிப் பரந்த தகடுகளில் மணல் அடித்தால் தகடு உப்பி, திரும்ப நேராகாது. அவற்றுக்கு பிளாஸ்டிக் துகள் அல்லது ரசாயனத்தால் உரிப்பது. அமிலத் தொட்டியில் முக்கினால் மடிப்புகளுக்குள் அமிலம் தங்கிப் பிறகு பெயின்டின் அடியிலிருந்து கசியும், நன்றாக நடுநிலைப்படுத்தாவிட்டால். வெறும் தகட்டில் முதலில் எபாக்சி பிரைமர். அதற்கு மேல்தான் பட்டி, அதுவும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும், ஆனால் கல் பட்டுத் தெறித்த இடத்தில் ஈரம் அடியில் பரவும், வெளியே தெரியாது. அரைப்பளபளப்புக் கறுப்பு சேஸிஸ் பெயின்ட் என்றால் தூரிகையால் தொட்டுச் சரிசெய்துவிடலாம். ஓட்டுகிற வண்டிக்கு அதுவே நல்லது.

பாடியைத் திரும்ப இறக்கும்போது புது ரப்பர் மவுன்ட், அவற்றுக்கு இடையில் தேவைப்படும் ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு). பழைய மவுன்டில் எந்த இடத்தில் எத்தனை ஷிம் இருந்தது என்று பிரிக்கும்போதே குறித்திருக்க வேண்டும். கதவு இடைவெளி கடைசி மில்லிமீட்டர் வரை இங்கேதான் சரியாகும்: கீல் தூணுக்கு அடியில் ஒரு ஷிம் கூட்டினால் கதவின் மேல் இடைவெளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை.

இனிதான் பலரும் தவிர்த்துவிடும் கட்டம். பெயின்ட் அடிக்கும் முன் வண்டி முழுவதையும் பிரைமரில் ஒரு முறை பூட்டிப் பார்க்க வேண்டும். மட்கார்டு, பானட், பம்பர், கதவுக் கண்ணாடி, டாப்பின் இரும்புச் சட்டம் உட்பட. புது குவார்ட்டர் பேனலில் பட்டைக்கான துளைகள் இருக்காது. பெல் ஏரின் பக்கவாட்டில் ஓடும் ஸ்டெயின்லெஸ் பட்டைக்கும், அதற்குள் உட்காரும் வரி வரியான அலுமினியத் தகட்டுக்கும் துளை இப்போதே போட வேண்டும். பெயின்டுக்குப் பிறகு துளையிட்டால் அந்தத் துளையின் ஓரமே துருவின் பிறந்தவீடு. எல்லாம் பொருந்திய பிறகு மறுபடி கழற்றி, அப்புறம் பெயின்ட். பார்க்க இரட்டை வேலை மாதிரி இருக்கும். இதைத் தவிர்த்த பட்டறைகள் பெயின்ட் அடித்த பானட்டைச் சுத்தியலால் வளைத்துப் பொருத்திய கதைகள் ஏராளம்.

டாப்

கன்வர்டிபிள் வேலையில் நுட்பமானது இதுதான். துணியில் தொடங்கக் கூடாது. கண்ணாடியில் தொடங்க வேண்டும். முதலில் கதவின் முக்கோணக் கண்ணாடி, அதையொட்டி இறங்கும் கண்ணாடி, பிறகு பின் குவார்ட்டர் கண்ணாடி. மூன்றின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதற்குப் பின் டாப்பின் சட்டத்தை மேலே கொண்டுவந்து முன்கண்ணாடிச் சட்டத்தில் பூட்டி, அதன் பக்கச் சட்டம் கண்ணாடி விளிம்புக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்ப்பது. இடையில் பீடிங் ரப்பர் அமுங்குவதற்கான இடம் முன்னிருந்து பின் வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். சட்டத்தின் பிரதான அச்சுத் தாங்கியில் போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருக்கும்; அங்கேதான் ஏற்றி இறக்கிச் சரிசெய்வது. துணி போட்ட பிறகு இதைத் தொட முடியாது.

சட்டம் ஒத்துவந்த பிறகு இரண்டு பக்கப் பஞ்சுப் பட்டை, குழியின் உள் துணி, பின் ஜன்னல், கடைசியில் மேல் துணி. ஆணி அடிக்கும் பட்டை காய்ந்து நொறுங்கியிருந்தால் மாற்றாமல் துணி போட்டால் ஸ்டேபிள் பிடிக்காது. ஸ்டேபிள் துருப்பிடிக்காத ரகமாக இருக்கட்டும். சாதாரண ஸ்டேபிள் ஒரு மழைக்காலத்தில் வெள்ளைத் துணியில் பழுப்புக் கோடு இறக்கிவிடும். பக்கக் கம்பி இழுவிசை குறைந்தால் நெடுஞ்சாலையில் டாப் பலூன் போல் ஊதும், அதிகமானால் பக்கத் தையல் கிழியும். இந்த வேலையை வெதுவெதுப்பான நாளில் செய்ய வேண்டும். குளிரில் வினைல் நீளாது; இழுத்துப் பிடித்து ஆணியடித்ததை வெயில் வந்ததும் தளரவிட்டு அலையலையாகக் காட்டும். புது டாப்பைச் சில வாரம் மேலேயே பூட்டி வைத்திருந்தால் துணி படியும். போட்ட மறுநாளே மடக்கினால் மடிப்பு நிரந்தரம்.

டாப்பை இயக்கும் மின்மோட்டார் பம்பும் இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்களும் பின்பக்கம் இருக்கும். அந்தக் காலத்தில் இதற்கும் பிரேக் ஆயில்தான். இன்று புதுப்பித்துத் தரும் பம்புகள் பெரும்பாலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) எண்ணெய்க்கான சீலோடு வருகின்றன. எதற்கான சீலோ அதைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டையும் கலந்தால் சீல் உப்பி, கசிந்து, பிரேக் ஆயிலாக இருந்தால் போகிற வழியிலுள்ள பெயின்டையும் உரித்துவிடும். ஆயிலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். டாப் மேலே இருக்கும்போது சிலிண்டர் தண்டு வெளியே வந்திருக்கும்; கீழே இறங்கும்போது தண்டு உள்ளே போய் அதன் பருமனளவு ஆயில் பம்புக்குத் திரும்பும். வாயிலிருந்து அரை அங்குலம் கீழே நிறுத்தி, சில முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றிய பின் மறுபடி பார்ப்பதே முறை. டாப் நத்தை மாதிரி எழுந்தால் உடனே பம்பைக் குறை சொல்ல வேண்டாம். மோட்டார் ஓடும்போது அதன் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். பத்துக்குக் கீழே விழுந்தால் எர்த் அல்லது சுவிட்ச்தான் கோளாறு. புதுப்பித்த வண்டியில் எல்லா இணைப்பிலும் பெயின்ட் ஏறியிருக்கும், எர்த் பிடிக்காது.

வாங்கப் போகிறவர் செய்ய வேண்டியது: டாப்பை இரண்டு முறை முழுக்க ஏற்றி இறக்கச் சொல்வது, மடக்கும் முன் பின் ஜன்னலின் ஜிப்பைத் திறந்துவிட்டு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் எழ வேண்டும். முடிந்தால் ஒருவர் உள்ளே உட்கார, வெளியே குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கீழிருந்து மேலாக. முன்கண்ணாடியின் இரண்டு மேல் மூலைகளிலும் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் அது இந்த வண்டிகளின் குணம். முக்கோணக் கண்ணாடியின் பின்னால் ஒழுகினால் கண்ணாடி ஒழுங்கு தப்பியிருக்கிறது.

எஞ்சினும் மற்றவையும்

283 எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட அதிகமில்லை. பாகம் எங்கும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். சிலிண்டர் விட்டம் 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் 3 அங்குலம். 57இன் பிளாக்குகளில் சுவர் மெலிந்தவை உண்டு என்பதால், போரிங் 0.030 அங்குலத்துக்கு மேல் போக வேண்டியிருந்தால் அல்ட்ராசோனிக் கருவியால் சுவர்க்கனம் அளக்காமல் போகக் கூடாது. ஈயமில்லாத பெட்ரோலுக்கு எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கடினமானதாக மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் தின்றுவிடும். புதிதாக கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். தட்டையான டேப்பெட் என்பதால் துத்தநாகம் கலந்த ஆயிலே போட வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயிலில் அது குறைவு. அதை ஊற்றினால் கேமின் முகடு தேய்ந்து, ஆயிலில் இரும்புத்தூள் கலந்து, புது எஞ்சின் சில நூறு மைலில் முடிந்துவிடும். கிராங்கின் பின் சீல் கயிறு ரகம். இரவு நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயில் இருந்தால் விலையைக் குறைக்க அதைக் காரணம் காட்டாதீர்கள், விற்பவர் சிரிப்பார்.

கியர்பாக்ஸில் ஒரே எச்சரிக்கை டர்போகிளைடு என்ற இன்னொரு ஆட்டோமேட்டிக். பழுது பார்க்கத் தெரிந்தவர் சிலர்தான், செலவும் பெரிது.

பிரேக் நான்கு சக்கரத்திலும் 11 அங்குல டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போகும். தோற்றம் கெடாமல் செய்யக்கூடிய முதல் மாற்றம், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். முன்னால் டிஸ்க் போடுவதும் நல்லதுதான்; ஆனால் சில டிஸ்க் கிட்டுகள் அந்த வருடத்து 14 அங்குல வீலுக்குள் அடங்காது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். முன் உரிமையாளர் சிலிகான் பிரேக் ஆயிலான டாட் 5 ஊற்றியிருந்தால் அதன் மேல் சாதாரண டாட் 3 ஊற்றக் கூடாது.

மின்சாரம் 12 வோல்ட், டைனமோ. பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால் பலர் மீட்டரை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் டேங்க் சென்டர்தான் (டேங்கின் மட்டத்தை மீட்டருக்கு அனுப்பும் உறுப்பு) தவறு. இந்த மீட்டருக்கு 0 முதல் 30 ஓம் சென்டர் வேண்டும், பிற்கால 90 ஓம் சென்டரைப் போட்டால் அரை டேங்கிலேயே நிறைந்ததாகக் காட்டும். பெட்ரோல் மூடி இடது வால் துடுப்பின் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் இணைப்பு வெடித்திருந்தால் டிக்கியில் வாடை வரும். டிக்கியைத் திறந்ததும் மூக்கை நீட்டுங்கள்.

வெளி அலங்காரத்தில் மூன்று உலோகம் உண்டு, மூன்றுக்கும் மூன்று வைத்தியம். ஸ்டெயின்லெஸ் பட்டையை உள்ளிருந்து தட்டி நெளிவெடுத்து, படிப்படியாகத் தேய்த்து பஃபிங் செய்தால் புதிதாகிவிடும். துத்தநாக வார்ப்பில் குழி விழுந்திருந்தால் தாமிரம் ஏற்றி நிரப்பித்தான் நிக்கலும் குரோமும் போட வேண்டும். செலவு இங்கேதான் குவியும். பொன்னிற கிரில்லும் துடுப்பின் பக்கத் தகடும் அனோடைஸ் செய்த அலுமினியம். அதில் பாலிஷ் வைத்துத் தேய்த்தால் நிறம் போய்விடும், திரும்ப வராது.

சரி, நாமே செய்தால்? முழு வேலைக்கு ஆயிரம் மணிநேரத்துக்குக் குறையாது. மணிக்கு 100 டாலர் என்று வைத்தாலும் கூலி மட்டும் ஒரு லட்சம் டாலர். பாகங்கள், குரோம், பெயின்ட் தனி. நன்றாகப் புதுப்பித்த வண்டிகள் பெரும்பாலும் அவற்றில் போட்ட பணத்தை விடக் குறைவாகவே கைமாறுகின்றன. அடுத்தவர் நஷ்டப்பட்டு முடித்த வண்டியை வாங்குவதே கணக்குக்குச் சரி. உங்கள் கையாலேயே உழைத்து, கூலியைக் கணக்கில் சேர்க்காமல் செய்யத் துணிந்தால், துருவைவிடப் பாகம் குறைவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். தகடுகள் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. டான்சக் நிறுவனம் இந்த மூன்று வருட வண்டிகளுக்குப் பாகம் செய்கிறது; ஃப்ளோரிடாவின் ரியல் டீல் ஸ்டீல் கன்வர்டிபிள் பாடியையே முழுசாகப் புதிதாகத் தருகிறது. ஆனால் டாப்பின் இரும்புச் சட்டம், எக்ஸ் சேஸிஸ், முன்கண்ணாடி மேல் சட்டம், குவார்ட்டர் கண்ணாடியின் உள் பொறி இவை காணாமல் போன வண்டி, எவ்வளவு சல்லிசாக வந்தாலும் வேண்டாம். ஒவ்வொன்றாகத் தேடி வாங்கும்போது முழு வண்டியின் விலையைத் தொட்டுவிடும். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் கூடும் பழைய பாகச் சந்தையில் இவை கண்ணில் படும், விலையும் தெரியும்; வண்டி வாங்கும் முன்பே ஒரு முறை அங்கே போய் விலை கேட்டு வருவது நல்லது.

புது பாடி போட்ட வண்டியை வாங்குவதானால் வின் தகடு எந்த வண்டியிலிருந்து வந்தது, உங்கள் மாநிலம் அதை எப்படிப் பதிவு செய்யும் என்று பணம் கொடுக்கும் முன் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகட்டைப் பெயர்த்து வேறு பாடியில் ஒட்டுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படியே சிக்கலில் மாட்டிவிடக்கூடியது. புதுப்பிக்கும் வேலைக்காக அவசியப்பட்டுக் கழற்றுவதற்கு விலக்கு இருந்தாலும், அதை ஆவணத்தோடு காட்ட வேண்டியவர் அப்போது நீங்கள்தான்.